மீதி ஒண்ணு எங்கே போச்சு, பேராண்டி?

பேராண்டி, பெங்களூருலே அசெம்பிளியிலே வேலை பாக்குறேன்னு நீ போன்ல சொன்னாலும் சொன்னே, உன் பாட்டி அதை சேந்தமங்கலம் தொகுதியிலே சீட்டு வாங்கிட்டான்னு எடுத்துக்கிட்டா. செம்மேட்டுலேருந்து சோளக்காட்டுச் சந்தை வரைக்கும் சேதி பரவிருச்சு. ரோடு போட்டுத் தரச் சொல்லி மனுவோட ஆள் வந்துட்டுப் போறாங்க. நானும் மறுத்துச் சொல்லலை. எம்எல்ஏ பதவி அஞ்சு வருஷம். நீ மிஷினோட பாஷையிலேயே எழுதற அசெம்பிளியோ, தொடவே பயந்துக்கிட்டு எவனும் இருபது வருஷத்துக்குக் கை வைக்க மாட்டான். எது பெரிய பதவி, நீயே சொல்லு.

நான் கணக்கு வாத்தியாரா இருந்து ஓய்வு வாங்கின மலைக்காட்டுக் கிழவன். சில்வர் ஓக் மரத்துலே மிளகுக்கொடி ஏறுதான்னு பாக்குறதுதான் இப்ப சோலி. எனக்கு என்ன தெரியும்? ஆனா போன லீவுக்கு வந்தப்ப, சுட்ட பலாக்கொட்டையைக் கொறிச்சுக்கிட்டே நீ அளந்த கதையெல்லாம் காதுலே விழுந்துச்சு. நீ விட்டுட்டுப் போன காகிதக் கட்டையும் கண்ணாடி மாட்டிக்கிட்டுப் படிச்சேன். கணக்குன்னு வந்துட்டா கிழவனுக்குக் கை அரிப்பு அடங்காது. அதனாலே ரோசனை சொல்றேன், கேட்டுக்கோ. கேக்காட்டியும் சொல்லுவேன்.

முதல்லே உன் சோலி என்னன்னு எனக்குப் புரிஞ்ச மட்டும் சொல்லிப் பாக்குறேன். ரேஷன் கடையிலே விரலை வைக்கிறோம். அந்த ரேகை அப்படியே அம்மணமா ஊர் சுத்தப் போறதில்லை. அந்த நேரத்துக்குன்னு ஒரு சாவி செஞ்சு, அதாலே ரேகையைப் பூட்டி, அந்தச் சாவியையும் ஆதார் ஆணையத்தோட 2048 பிட் பொதுச்சாவியாலே பூட்டி அனுப்பணும்ங்கிறது விதி. ரிவெஸ்ட், ஷமீர், ஏடில்மன்னு மூணு பேர் 1977-லே உண்டாக்கின ஆர்எஸ்ஏ பூட்டு அது. 2048 பிட்டுங்கிறது நம்ம பத்தடிக் கணக்குலே 617 இலக்கம்.

சகுந்தலா தேவி 1980-லே லண்டன் இம்பீரியல் காலேஜிலே 13 இலக்க எண் ரெண்டை 28 செகண்டுலே மனசுக்குள்ளேயே பெருக்கிச் சொன்னாங்க. உலகமே வாயைப் பொளந்துச்சு. இங்கே ரேஷன் கடை மிஷின் 617 இலக்கத்தை 617 இலக்கத்தாலே பெருக்குது. ஒரு தடவை இல்லை, 17 தடவை. பொதுச்சாவியிலே வழக்கமா வைக்கிற அடுக்கு 65,537. அதுக்கு 16 வர்க்கமும் ஒரு பெருக்கலும் ஆகும். இதுக்கு யாரும் வாயைப் பொளக்கலை. பாமாயில் இன்னிக்கு வந்துருச்சுன்னா மட்டும்தான் பொளக்குறாங்க.

மிஷினோட கையிலே ஒரு நேரத்துக்கு 64 பிட்டுதான் அடங்கும். அப்ப 2048 பிட்டை 32 துண்டா நறுக்கணும். இந்தப் பக்கம் 32, அந்தப் பக்கம் 32, ஒவ்வொண்ணையும் ஒவ்வொண்ணோட பெருக்கினா 1,024 பெருக்கல். வர்க்கம்னா கொஞ்சம் மிச்சம் பிடிக்கலாம். மூவேழும் ஏழுமூணும் ஒண்ணுதானே, ஒருவாட்டி போட்டு இரட்டிச்சுக்கலாம், 528 போதும். மாஸ்கோவிலே கோல்மோகரோவ்ங்கிற பெரிய வாத்தியார், பள்ளிக்கூடப் பெருக்கலை இதுக்கு மேலே அடிப்படையிலேயே சுருக்க முடியாதுன்னு 1960-லே வகுப்பெடுத்தார். கீழே உக்காந்திருந்த கரட்சுபாங்கிற 23 வயசுப் பையன் ஒரே வாரத்துலே நாலு பெருக்கல் ஆகிற இடத்துலே மூணு போதும்னு போட்டுக் காட்டிட்டான். வாத்தியார்கள் எதையும் அடிச்சுச் சொல்லக் கூடாதுங்கிறதுக்கு இது ஒண்ணு போதும். ஆனா நான் சொல்லுவேன், நான் ரிட்டையர் ஆனவன்.

சரி, பெருக்கறது பெரிய வித்தையில்லை. மிஷின் ஒரு நொடியிலே கோடிக்கணக்கிலே பெருக்கும். வித்தையெல்லாம் 'மீதி ஒண்ணு'லேதான். மூணாங்கிளாஸ்லே 27-ஐயும் 38-ஐயும் கூட்டச் சொன்னேன், ஏழும் எட்டும் பதினஞ்சு, அஞ்சைப் போட்டு மீதி ஒண்ணுன்னு சொல்லிட்டு, அந்த ஒண்ணை மறந்து 55-னு எழுதி, வெளியே வெயில்லே நின்னியே, அதே ஒண்ணு. அதுக்குத்தான் இப்ப கேரின்னு பேர் வெச்சு உனக்கு மாசம் லட்சக்கணக்கிலே தர்றாங்க.

இந்த ஒண்ணுக்கு சி மொழியோட கூட்டல் குறியிலே குடியிருக்க இடமில்லை. ரெண்டு எண்ணைக் கூட்டினா மொழி கூட்டுத்தொகையை மட்டும் கையிலே தரும். மேலே வழிஞ்ச ஒண்ணு எங்கே போச்சுன்னு கேட்டா முழிக்கும். கூட்டினது முதல் எண்ணை விடச் சின்னதா இருக்குதான்னு மறுபடி ஒப்பிட்டுப் பாத்து, சின்னதா இருந்தா ஒண்ணு வழிஞ்சிருக்குன்னு ஊகிச்சுக்கணும். மிஷினுக்குள்ளே பாத்தா அந்த ஒண்ணு கேரிக் கொடின்னு ஒரு மூலையிலே நல்லா பத்திரமாத்தான் உக்காந்திருக்கு. அதைச் சேத்துக் கூட்டுன்னு ஒரே கட்டளையிலே சொல்லலாம், அசெம்பிளி தெரிஞ்சவனுக்கு மட்டும். கீழேயிருந்து நம்ம மலைக்கு ஏற 70 கொண்டை ஊசி வளைவு. சி மொழியை மிஷின் கட்டளையா மாத்திக் கொடுக்கிற கம்பைலர்ங்கிறவன் நாட்டுலே உள்ள எல்லா ரோட்டுலேயும் வண்டி ஓட்டுவான், இந்த 70-ஐ மனப்பாடமா அறியமாட்டான். ஒவ்வொரு வளைவுலேயும் நின்னு, பாத்து, கியர் மாத்தி ஏறுவான். நீ காரவள்ளியிலே கண்ணை மூடினா சோளக்காட்டுலே திறக்கற ஆளு. அதனாலே இந்த ஒரு ரோட்டுக்கு நீதான் ஓட்டணும்ங்கிறே. ஒத்துக்கிறேன். பள்ளத்துலே கிடக்கிற வண்டியெல்லாம் கண்ணை மூடி ஓட்டினவன் வண்டிதான்ங்கிறதையும் நீ ஒத்துக்கோ.

இன்டெல்காரன் உன்னை மாதிரி ஆளுங்களுக்குன்னே தீனி போட்டு வெச்சிருக்கான். பழைய பெருக்கல் கட்டளை பெருக்கி முடிச்சதும் கேரிக் கொடியைக் கலைச்சுப் போடும். நடுவிலே பெருக்கினா கையிலே வெச்சிருந்த மீதி போச்சு. 2013-லே ஹாஸ்வெல் சிப்போட மல்எக்ஸ்னு ஒண்ணு வந்துச்சு, கொடியைத் தொடாமப் பெருக்கும். அடுத்த வருஷம் பிராட்வெல்லோட ஏடிசிஎக்ஸ், ஏடிஓஎக்ஸ்னு ஒரு ஜோடி. ஒருத்தி ஒரு கொடியை மட்டும் பாப்பா, இன்னொருத்தி வேற கொடியை மட்டும் பாப்பா. ரெண்டு மீதிச் சங்கிலி ஒண்ணோட ஒண்ணு மோதாம ஒரே நேரத்துலே ஓடும். மாமியாரும் மருமகளும் ஒரே அடுப்பங்கரையிலே சண்டையில்லாமச் சமைக்கிறதை அமெரிக்காக்காரன் சிலிக்கன்லே சாதிச்சிட்டான். நம்ம வீட்டுலே இன்னும் முடியலை.

இந்த வித்தையிலே எனக்கு மனசு ஒட்டிப்போனது மான்ட்கோமரி கணக்கு. பெருக்கி வந்த பெரிய எண்ணைச் சாவி எண்ணாலே வகுத்து மீதியை எடுக்கணும். வகுத்தல்னா பசங்களுக்கும் கசப்பு, மிஷினுக்கும் கசப்பு. 1985-லே பீட்டர் மான்ட்கோமரி வகுக்காமலே வழி சொன்னார். 1,234-ஐ 97-க்குள்ளே அடக்கணும்னு வெச்சுக்கோ. முன்னாலேயிருந்து கழிக்காதே, பின்னாலேயிருந்து கூட்டு. 97-ஐ எட்டாலே பெருக்கி 776, அதைக் கூட்டினா 2,010. கடைசி இலக்கம் பூஜ்யம், வெட்டி எறி, 201. மறுபடி 97-ஐ ஏழாலே பெருக்கி 679, கூட்டினா 880. பூஜ்யத்தை வெட்டு, 88. வகுக்கவே இல்லை, எண் சுருங்கிருச்சு. ரெண்டு பூஜ்யம் வெட்டினதாலே விடை நூறாலே குறைஞ்ச கணக்குலே நிக்குது, அவ்வளவுதான். 88-ஐ நூறாலே பெருக்கி 97-ஆலே வகுத்துப் பாரு, மீதி 70. 1,234-ஐ வகுத்தாலும் 70. எல்லா எண்ணையும் முதல்லேயே அந்தக் கோணல் கணக்குக்கு மாத்திக்கிட்டு, ஆயிரக்கணக்கிலே பெருக்கி முடிச்சுட்டு, கடைசியிலே ஒருவாட்டி நேராக்கிக்கலாம். எனக்கு இது வேலையிலே இருக்கும்போது தெரிஞ்சிருந்தா, வகுத்தல் பாடத்தன்னிக்கு லீவு போடற பசங்களைப் பாதியாக் குறைச்சிருப்பேன்.

இப்ப ரோசனைக்கு வர்றேன். இந்தத் தொழிலிலே நீ பெரிய ஆளா வரணும்னா, எழுதற கோடுக்குக் குறிப்பு எழுதாதே. எழுதினா எவனாவது படிச்சுப் புரிஞ்சுக்குவான், புரிஞ்சவன் திருத்துவான், திருத்தினா உனக்கு மரியாதை இல்லை. முடிஞ்சா அசெம்பிளியையும் நேரா எழுதாதே. இணையத்துலே பூட்டுப் போடற ஓப்பன் எஸ்எஸ்எல்ங்கிற நிரல் தொகுப்பிலே ஆண்டி பொல்யாகோவ்ங்கிற கெட்டிக்காரர் பெர்ல் மொழியிலே எழுதி, அந்தப் பெர்ல் ஒவ்வொரு வகை மிஷினுக்கும் அசெம்பிளியைக் கக்குற மாதிரி செஞ்சார். அசெம்பிளி தெரிஞ்சவனுக்குப் பெர்ல் தெரியாது, பெர்ல் தெரிஞ்சவனுக்குக் கணக்கு தெரியாது, கணக்கு தெரிஞ்சவன் மலையிலே மிளகுக்கு மருந்தடிச்சுக்கிட்டு இருக்கான். கேலி இருக்கட்டும். உலகத்துலே எத்தனையோ வெப் சர்வர் அந்த மனுஷன் எழுதினதை நம்பி ஓடிருக்கு.

வேகமா எழுதறதோட நின்னுக்காதே, வேகத்தை ஒளிச்சும் வைக்கணும். 1996-லே பால் கோச்சர்ங்கிறவர், கணக்கு முடிய எவ்வளவு நேரம் ஆகுதுன்னு மட்டும் பாத்தே ரகசியச் சாவியைப் பிடுங்கலாம்னு காட்டினார். 2003-லே ஸ்டான்ஃபோர்டிலே புரூம்லியும் போனேயும் நெட்வொர்க் வழியாவே ஓப்பன் எஸ்எஸ்எல் சாவியை எடுத்தாங்க. எது காட்டிக் கொடுத்துச்சுங்கிறதுதான் வேடிக்கை. நம்ம மான்ட்கோமரி கணக்கு சில சமயம் கடைசியிலே ஒரு கழித்தல் கூடுதலாப் போடும், சில சமயம் போடாது, அது ஒண்ணு. எண்களோட நீளத்தைப் பாத்து கரட்சுபா வழியா, பள்ளிக்கூட வழியான்னு மாறிக்கும், அது இன்னொண்ணு. வேகத்துக்குன்னு வெச்ச ரெண்டு சாமர்த்தியமும் சேர்ந்து சாவியை ஊருக்குச் சொல்லிருச்சு. நம்ம சென்னை ஐஐடியிலே செஸ்டர் ரெபைரோவும் கரக்பூர்லே தேப்தீப் முகோபாத்யாயும் சரணி பட்டாச்சார்யாவும் இந்த நேரத்திருட்டு பத்தி 2015-லே ஒரு புத்தகமே போட்டிருக்காங்க. வாங்கி வாசி. எனக்கும் ஒண்ணு அனுப்பு, விலையைப் பாத்துட்டு வெச்சுட்டேன்.

அதனாலே ரகசியத்தைப் பாத்து வழி மாறாத மாதிரி எழுதணும். சாவியிலே பூஜ்யம் வந்தாலும் ஒண்ணு வந்தாலும் அதே கட்டளை, அதே வரிசை, அதே நேரம். இதையும் கம்பைலர்கிட்டே நம்பி விட முடியாது. நீ கிளை வேண்டாம்னு பாடுபட்டு எழுதினா, அவன் சுருக்கு வழின்னு நினைச்சு நடுவிலே ஒரு கிளையை நட்டுருவான். கையாலே எழுதறதுக்கு நீ சொல்ற காரணங்களிலே எனக்கு நியாயமாப் படறது இதுதான். வேகம் ரெண்டாவது.

சோதிச்சுட்டேன் தாத்தா, லட்சம் தடவை ஓட்டினேன், எல்லாம் சரின்னு சொன்னே பாரு, அப்ப எனக்கு வந்த சிரிப்பை மீசைக்குள்ளே அடக்கினேன். 64 பிட்டுத் துண்டுக்குள்ளே அடங்கற எண்கள் எத்தனை? 1,84,467 கோடி கோடிக்கும் மேலே. அதிலே ஒரே ஒரு எண்ணுக்கு மட்டும் உன் மீதி ஒண்ணு தவறுதுன்னு வெச்சுக்கோ. நொடிக்கு நூறு கோடி சோதனை போட்டாலும் மொத்தத்தையும் முடிக்க 584 வருஷம். அதுவும் ஒத்தைத் துண்டுக்கு. உனக்கு 32 துண்டு. லட்சம் சோதனைங்கிறது, நம்ம மலை ஆகாய கங்கையிலே அரை டம்ளர் மொண்டு குடிச்சுட்டு அருவிக்கே சர்டிபிகேட் எழுதறது.

சும்மா பயமுறுத்தலை. 2017 நவம்பர்லே ஓப்பன் எஸ்எஸ்எல்காரங்களே அறிவிச்சாங்க: மான்ட்கோமரி வர்க்கக் கணக்குலே மீதி ஒண்ணு தவறுது. எந்த மிஷின்லே? பிராட்வெல்லும் அதுக்குப் பின்னாடி வந்ததும், ஏஎம்டியிலே ரைசனும். அதாவது மாமியார் மருமகள் ஜோடி இருக்கிற மிஷின்லே மட்டும். பழைய மிஷின் வெச்சிருந்த ஏழைக்கு ஒண்ணும் ஆகலை. அதே வருஷம் ஜனவரியிலேயும் இப்படி ஒண்ணு, 2015 டிசம்பர்லேயும் ஒண்ணு. இதை வெச்சு ஆர்எஸ்ஏ சாவியைத் திருடறது ரொம்பக் கஷ்டம்னு அவங்களே எழுதியும் வெச்சாங்க, உள்ளதைச் சொல்லணும். 2017-லே கண்டுபிடிச்சதும் மனுஷன் இல்லை. ராத்திரி பகலா கன்னாபின்னான்னு எண்களை அள்ளிக் கொட்டிக்கிட்டே இருக்கிற ஓஎஸ்எஸ்-ஃபஸ்னு ஒரு சோதனை ஏற்பாடு.

2022 ஜூன்லே வந்த ஓப்பன் எஸ்எஸ்எல் 3.0.4 பதிப்பு இன்னும் அழகு. ஏவிஎக்ஸ்-512 இருக்கிற புது சிப்புக்குன்னு 2048 பிட் ஆர்எஸ்ஏவுக்கு வேகக் கோடு. எண்ணோட நீளத்தை ஒரு இடத்துலே பிட் கணக்கிலே கொடுத்தாங்க. வாங்கின இடத்துலே அது 64 பிட்டுத் துண்டுக் கணக்குன்னு எடுத்துக்கிச்சு. அறுபத்துநாலு மடங்கு தூரம் நினைவகத்துலே புகுந்து அடுத்தவன் வரப்பையெல்லாம் உழுதுட்டு வந்துச்சு. இரண்டே வாரத்துலே 3.0.5 போட்டு மூடினாங்க. அளவு கேட்டா அலகு எழுதலைன்னு ஒரு மார்க் குறைப்பேனே, கிழவன் கஞ்சன்னு திட்டுவியே, இப்ப என்ன சொல்றே?

ஒரு மீதி தப்பினா என்ன, விடை தப்பு, மறுபடி போட்டுக்கலாம்னு நினைச்சுக்காதே. 1825-லே புதுச்சேரியிலே ஜான் வாரன்ங்கிற வெள்ளைக்காரர் முன்னாலே ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக்காரர் தரையிலே சோழியைப் பரப்பி, மனப்பாட வாய்பாட்டை வெச்சே சந்திர கிரகணத்தைக் கணிச்சுக் காட்டினார். நேரம் முன்னே பின்னே இருந்துச்சு. அதனாலே என்ன, கிரகணம் கிரகணம்தான். உன் தொழிலிலே அந்தத் தாராளம் கிடையாது. ஆர்எஸ்ஏ கையெழுத்தை வேகமாப் போட, சாவி எண்ணை அதோட ரெண்டு ரகசியப் பகாக் காரணிகளாப் பிரிச்சு, ரெண்டு பக்கமும் தனித்தனியாக் கணக்குப் போட்டு ஒட்டறீங்க. ஏறக்குறைய நாலு மடங்கு வேகம். அதிலே ஒரு பக்கம் சரியா இருந்து, இன்னொரு பக்கம் மீதி ஒண்ணு தவறிப்போனா, அந்த ஒரே ஒரு தப்புக் கையெழுத்தை வெச்சு மொத்தச் சாவியையும் எடுத்துரலாம்னு போனே, டிமில்லோ, லிப்டன் மூணு பேரும் 1990-களிலேயே காட்டிட்டாங்க. அதுக்கு என்ன கணக்கு வேணும் தெரியுமா? மீ.பொ.வ. கண்டுபிடி, அவ்வளவுதான். நான் ஆறாங்கிளாஸ்லே சொல்லிக் கொடுத்தது. நீ ஜன்னல் வழியாப் பலாமரத்தைப் பாத்துக்கிட்டு இருந்தது. அதனாலேதான் விவரமானவங்க கையெழுத்தைப் போட்டதும் பொதுச்சாவியாலே ஒருவாட்டி சரிபாத்துட்டுத்தான் வெளியே விடறாங்க. அந்தப் 17 பெருக்கலை மிச்சம் பிடிக்கறேன்னு கிளம்பிராதே.

வேற வழியிலே போட்டு ஒத்துப் பாக்குறது நம்ம ஜில்லாவுக்குப் புதுசில்லை. கீழே நாமக்கல்லிலே இருக்கிற நாமகிரித் தாயார்தான் ராமானுஜனுக்குக் குலதெய்வம். 200-ஐ எத்தனை விதமாக் கூட்டல் பிரிச்சு எழுதலாம்ங்கிறதுக்கு அவரும் ஹார்டியும் 1918-லே ஒரு சூத்திரம் போட்டாங்க. கனவுலே தாயார் சொன்னா சரியாத்தான் இருக்கும்னு விட்டுடலை. மக்மஹோன்ங்கிற பழைய பட்டாளத்து மேஜர் அதைச் சூத்திரமில்லாம வேற வழியிலே கையாலேயே கூட்டிக் கூட்டி 39,72,99,90,29,388-னு கொண்டு வந்தார். சூத்திரத்துலே எட்டு உறுப்பு போட்டதும் அதே எண், பக்கத்துலே தசமத்துலே ஒரு துளி. தாயார் சொன்னதுக்கே மேஜர்கிட்டே கையெழுத்து வாங்கினாங்க, நீ சொன்னா நான் நம்பிரணுமா?

நிரூபிச்சு எழுதற ஆளுங்க இல்லாம இல்லை. கொல்கத்தா இந்தியப் புள்ளியியல் கழகத்துலே கௌஷிக் நாத்தும் பலாஷ் சர்க்காரும் நீள்வட்ட வளைவுப் பூட்டுகளுக்கு உதவற பகா எண் 14-ஐ எடுத்துக்கிட்டு, ஒவ்வொண்ணுக்கும் ஹாஸ்வெல், ஸ்கைலேக் சிப்புலே அசெம்பிளி எழுதினாங்க. அதிலே ஆறுக்குத்தான் முன்னாடி யாரோ எழுதின கோடு கிடைச்சது, ஆறையும் வேகத்துலே முந்தினாங்க. அதை விட எனக்குப் பிடிச்சது, மீதி கடைசி வரைக்கும் சரியா அடங்குதுங்கிறதுக்கு நிரூபணத்தையும் பக்கம் பக்கமா எழுதி வெச்சது. நம்ம மலையிலே நாடுன்னு சொல்ற ஊர்ப் பிரிவும் 14, அவங்க பகா எண்ணும் 14. வளப்பூர் நாட்டுக்காரன் நான் இதை விசேஷம்னுதான் எடுத்துக்குவேன். எம்ஐடியிலே ஃபியட்-கிரிப்டோன்னு, நிரூபணத்தையும் கோடையும் சேர்த்தே ஈன்ற ஒரு ஏற்பாடு. குரோம் பிரவுசருக்குள்ளே அது தந்த கோடு ஓடுது. அமேசான்லே ஜான் ஹாரிசன் கூட்டம் எஸ்2என்-பிக்நம்னு கையாலே எழுதின அசெம்பிளிக்கு, ஹோல் லைட்ங்கிற நிரூபண மிஷினை வெச்சு, எந்த எண் உள்ளே போனாலும் சரியான விடைதான் வெளியே வரும்னு கணக்கு முறைப்படி எழுதி வெச்சிருக்காங்க. 584 வருஷம் காத்திருக்க வேண்டியதில்லை. உட்காந்து யோசிக்கணும், அதுதான் உங்க ஆபீஸ்லே யாருக்கும் நேரமில்லையே.

உள்ளூர்ப் பெருமைக்காக ஒண்ணு. சென்னை ஐஐடியிலே காமகோடி கூட்டம் செஞ்ச சக்தி பிராசசர் 2018-லே லினக்ஸையே ஓட்டிக் காட்டுச்சு. அது ரிஸ்க்-ஃபைவ் வகை. அந்த வகையிலே கேரிக் கொடியே கிடையாது! வடிவமைச்சவங்க வேணும்னே விட்டுட்டாங்க. கொடி இருந்தா சிப்பு உள்ளே சிக்கல்னு அவங்க கட்சி. ஜிஎம்பி பெரிய எண் நூலகத்தை 1991-லே தொடங்கின ஸ்வீடன்காரர் கிரான்லுண்டுக்கு 2021-லே இதைப் பாத்துக் கோபம் பொத்துக்கிட்டு வந்துச்சு. இன்டெல்லிலே ஒரே கட்டளையிலே முடியற மீதிக் கூட்டலுக்கு இங்கே அஞ்சு கட்டளை. ரெண்டு கட்சியிலேயும் நியாயம் இருக்கு. ஆனா சக்திக்கு அசெம்பிளி எழுத ஆள் வேணும்னா, உன்னைப் பெங்களூருலேருந்து சென்னை வண்டியிலே ஏத்திவிட நான் தயார். வேண்டியது மூளைதான், கொடி இல்லை.

அப்புறம் ஒரு கெட்ட சேதி. குவாண்டம் மிஷின் பெருசா வந்தா ஆர்எஸ்ஏ உடையும்னு பீட்டர் ஷோர் 1994-லேயே சொல்லிட்டார். அமெரிக்காவிலே 2024 ஆகஸ்ட்லே எம்எல்-கெம்னு புதுப் பூட்டுக்குத் தரம் வகுத்துட்டாங்க. அதிலே எல்லாக் கணக்கும் 3,329-க்குள்ளே அடக்கம். நாலு இலக்கம்! 617 இலக்கத்துக்கு வித்தை பழகினவனை நாலு இலக்கத்துக்கு இறக்கிட்டாங்க. கவலைப்படாதே, அதையும் கையாலே எழுதி வேகமாக்கறேன்னு உன் கூட்டாளிங்க ஏற்கெனவே வரிசையிலே நிக்கிறாங்க.

வரிசைன்னதும் ரேஷன் கடை ஞாபகம் வருது. அங்கே நிக்கிற சனத்துக்கு உன் வேகத்தாலே என்ன லாபம்னு நீ கேட்டா, ஒண்ணுமில்லை. மிஷின்லே 17 பெருக்கலும் கண் இமைக்கிறதுக்குள்ளே முடிஞ்சிரும். அதுக்கப்புறம் சிக்னல் கிடைக்கிற வரைக்கும் வெத்தலை போட்டு, கல்யாணம் பேசி, வாய்க்கால் தகராறு தீர்த்துட்டு வரலாம். மிளகு பறிச்சு, மண்வெட்டி பிடிச்சு ரேகை தேஞ்ச கிழவிக்கு எந்த அசெம்பிளியும் விரலை வளர்த்துத் தராது. உன் வேகம் வேணும்ங்கிறது எதிர்முனையிலே. நாட்டுலே உள்ள விரலெல்லாம் போய்ச் சேர்ற இடத்துலே, ஒவ்வொரு பூட்டையும் ரகசியச் சாவியாலே திறக்கணும். அங்கே 17 போதாது, ஆயிரக்கணக்கிலே வர்க்கம் போடணும், கோடிக்கணக்கான ஆளுக்கு. அங்கே நீ மிச்சம் பிடிக்கிற ஒவ்வொரு கட்டளையும் கரண்ட்டு, காசு. அதை நான் மறுக்கலை. பெருமைப்படவும் செய்வேன், உன் முன்னாலே இல்லை.

முடிவாச் சொல்றேன். ஏற்கெனவே நிரூபிச்ச கோடு இருக்கிற இடத்துலே உன் கைவண்ணத்தைக் காட்டாதே. எடுத்து மாட்டு, சம்பளத்தை வாங்கு. இல்லாத இடத்துலே எழுது, தாராளமா எழுது, ஆனா பக்கத்துலேயே நிரூபணத்தை எழுது, வேற ஒருத்தனை வேற வழியிலே போடச் சொல்லு, குறிப்பும் எழுது, நான் மேலே சொன்னதை நம்பாதே. எஸ்2என்-பிக்நம் கோடும் நிரூபணமும் பூட்டு இல்லாமத் திறந்துதான் கிடக்குது, காசு கிடையாது. முதல்லே அதிலே பெருக்கல் ஒண்ணை எடுத்து, மீதி ஒண்ணு எங்கே பொறந்து எங்கே போய்ச் சேருதுன்னு வரி வரியாப் படிச்சு, தமிழ்லே எழுதி எனக்குத் தபால்லே அனுப்பு. சிவப்பு மை பேனா இன்னும் எழுதுது.